கைரீனியாவில் ஒரு கலியாண வீடு

அன்பு மகளுக்கு,

நீ முன்னறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், எழுந்து வந்து நேரே சொல்லிவிடலாம். சொல்லிப் பார்க்காமலும் இல்லை. ஒவ்வொரு முறையும் நீ "அம்மா, ப்ளீஸ்" என்று என் கையைப் பிடித்துச் சிரித்தாய். நான் வாய் திறந்தால் அழுகை வந்துவிடுகிறது. அப்பா உடனே எழுந்து பின்வளவுக்குப் புல்லு வெட்டப் போய்விடுகிறார். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. இதை விமானத்தில் படி, கொழும்பில் போய்ப் படி, உனக்கு எப்போது பொறுமை வருகிறதோ அப்போது படி. ஆனால் முழுவதும் படி.

ரவியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் அவன் இங்கே வந்து நின்றபோது சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தான்; இந்த வீட்டில் எந்த ஆம்பிளையும் செய்யாத வேலை அது. நீ அவனைப் பார்க்கும் பார்வையையும் கண்டேன். துறைமுகத்தில் நல்ல உத்தியோகம். தை மாதம் கலியாணம். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும் என்று அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு வாங்கி, இப்போது மேல்மாடியும் கட்டுவிக்கிறார். அதன் படங்கள் தபாலில் வந்தபடி இருக்கின்றன. நீயும் அப்பாவும் அவற்றை மேசையில் பரப்பி, எந்த யன்னலுக்கு என்ன திரைச்சீலை என்று பேசத் தொடங்கினால் நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து போய்விடுகிறேன். உனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். பிடிவாதம் இல்லை, பயம். அந்தப் பயம் எங்கே தொடங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நீ பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எழுபத்து நாலாம் ஆண்டு, உன்னைப் பூமணி அன்ரி வீட்டில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் லண்டனுக்குப் போனோம் அல்லவா? அப்பாவுக்கு அங்கே ஒரு மகாநாடு. திரும்பும் வழியில் சைப்பிரஸில் சில நாள் நின்றுவிட்டு வந்தோம். அந்த ஊரைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்னதெல்லாம் கடலும் எலுமிச்சந் தோட்டமும் கோட்டையும்தான். படங்களில் இருப்பதும் அவைதான். மிச்சத்தை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நானும் அப்பாவும் பேசி முடிவுசெய்யவில்லை. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தோம், பிறகு சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சைப்பிரஸுக்கு எங்களை அனுப்பியது கிளேட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கும் அந்திரேயாஸ். நாங்கள் ஆஸ்திரேலியாவில் இந்த ஊருக்கு வந்த புதிதில், கடைக்காரர் பலர் என் சீலையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுகிற காலத்தில், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட முதல் மனுஷன் அவர். நாங்கள் லண்டன் போகிறோம் என்று கேள்விப்பட்டதும் விடவில்லை. லண்டனில் மழையைத் தவிர என்ன இருக்கிறது, என்ரை தமையன் வீட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார். தமையனின் மகளுக்குச் செப்டெம்பரில் கலியாணம், என் சார்பில் நீங்கள் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்துவிட்டு வரவேண்டும் என்றார். அதற்குமேல் எப்படி மறுப்பது?

நிக்கோசியா விமான நிலையத்தில் யோர்கோஸ், அதாவது அந்திரேயாஸின் தமையன், எங்களுக்காகக் காத்துநின்றார். பெரிய கைகள், சின்னக் குரல். அவர் மனைவி எலேனியும் வந்திருந்தாள். பட்டணத்தில் மகளின் கலியாணச் சாமான் வாங்கவேண்டியிருந்தது. வெயில் யாழ்ப்பாணத்து வெயில் மாதிரி. பழைய மதிலையும் ஒரு தேவாலயத்தையும் காட்டிவிட்டு, கடைகள் நிறைந்த ஒரு நீண்ட தெருவில் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்கள். செருப்புக் கடை, நகைக் கடை, ஐஸ்கிரீம் கடை, சனக்கூட்டம். நடந்துகொண்டே போகத் தெரு திடீரென்று முடிந்துவிட்டது. குறுக்கே தார்ப்பீப்பாக்களும் மண்மூட்டைகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதற்கு அந்தப் பக்கமும் அதே தெருதான். அதே மாதிரி மாடிவீடுகள், அதே மாதிரிப் பச்சை யன்னல்கள். அந்தப் பக்கம் துருக்கியர், இந்தப் பக்கம் கிரேக்கர். பத்து வருடமாக இப்படித்தான் என்று யோர்கோஸ் ஏதோ மழை பெய்வதைச் சொல்வது போலச் சொன்னார். எலேனி பின்னல்துணி வாங்கிய கடை பீப்பாக்களுக்குப் பக்கத்துக் கடைசிக் கடை. கடைக்காரி தன் கதிரையை அவற்றுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எவ்வளவு காலமாக அப்படி இருக்கிறாளோ என்று நினைத்தேன்.

கோப்பிக் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். சமாதானம் காக்க வெளிநாடுகளிலிருந்து வந்து நின்ற நீலத்தொப்பிக்காரரில் ஒருவர். பார்த்தால் எங்கள் ஆஸ்திரேலியாவின் ஜீலோங்கில் இருந்து வந்த பொலிஸ்காரர்! கிளேட்டன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே இப்போது குளிரா, ஃபுட்டிப் பந்தாட்டத்தில் யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்றெல்லாம் அப்பாவைக் கேட்டார். பிறகு எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் அப்பா.

"வெள்ளிக்கிழமை நல்லது," என்றார். பிறகு, "அதைத் தள்ளிப்போட வேண்டாம்," என்றார்.

ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கோப்பிக்கு அந்தப் பொலிஸ்காரரே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

யோர்கோஸின் ஊர் கைரீனியாவுக்குப் பக்கத்தில், வடக்குக் கடற்கரையில். நிக்கோசியாவில் இருந்து அங்கே போகும் நேர்ப்பாதை துருக்கியரின் பகுதிக்குள்ளால் போகிறது. ஆகவே கிரேக்கர் தங்கள் சொந்த ஊருக்குத் தனியே போக முடியாது. கார்களெல்லாம் வரிசையாக நின்று, முன்னும் பின்னும் நீலத்தொப்பிக்காரரின் வண்டி காவல்வரத்தான் போகவேண்டும். நாங்களும் அந்த வரிசையில் போனோம். எலேனி யன்னலை மூடினாள், அந்த வெக்கையிலும். வழியில் ஒரு கிராமத்தில், வீட்டு வாசலில் இருந்த ஒரு கிழவர் எங்கள் காரைக் கண்டதும் கையை உயர்த்தினார். யோர்கோஸ் நேரே றோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். யார் அது என்று அப்பா கேட்டார். ஹசன், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம், என்றார் யோர்கோஸ். அதன்பிறகு மலையைக் கடந்தோம், கடல் தெரிந்தது.

அந்தக் கடல்! அதைப் பற்றி நாங்கள் உனக்குச் சொன்னது பொய்யில்லை. வளைந்த சின்னத் துறைமுகம், தண்ணீரின் ஓரத்தில் கோட்டை, பின்னால் கை விரித்தது போன்ற மலை. யோர்கோஸின் எலுமிச்சந் தோட்டம் கடல்வரை இறங்கியது. அவர் மகள் டெஸ்பினாவுக்கு அப்போது உன்னைவிட இரண்டு மூன்று வயது கூடவிருக்கும். ஓடிவந்து என் சீலைக் கரையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் சித்தப்பா சொன்னபடி அவள் தலையில் கைவைத்தேன். உடனே தன் வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். தாய் வீட்டுக்கு அடுத்த காணியில் புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அங்கேயும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னதும் எலேனி என்னைக் கட்டிப்பிடித்தாள்; இவ்வளவு தூரத்தில் இருந்து வந்தவளும் நம்மைப் போலத்தான் என்றாள். பூச்சு முடிந்திருந்தது. கதவு போட்டாயிற்று. நிலத்துக்கு இத்தாலியில் இருந்து மாபிள் கல் வரவேண்டும், அது வந்தால் மற்றதெல்லாம் சுருக்கா முடிந்துவிடும் என்று டெஸ்பினா எனக்கு அறை அறையாகச் சொன்னாள்.

அடுத்த நாள் மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய மடாலயத்தைப் பார்க்கப் போனோம். திரும்பும்போது யோர்கோஸ் ஒரு சின்னக் குடியிருப்பின் ஊடாக நடத்திக் கூட்டிவந்தார். ஓர் ஆள் இல்லை. வீடுகளுக்குக் கூரை இல்லை, கதவுகளின் நிலைகூட இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. சுவரில் சட்டி வைக்கிற மாடம், அதற்கு மேலே புகைக் கரி. முற்றத்தில் ஓர் அத்திமரம் நிறையக் காய்த்து நின்றது. எலேனி மடியில் பழம் பறித்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். துருக்கியரின் வீடுகளா என்று கேட்டேன். ஓம் என்றாள். எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"தாங்களாகவே போனவை," என்றார் யோர்கோஸ். "ஒருத்தரும் போகச் சொல்லேல்லை."

மகளே, அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஐம்பத்தெட்டில், தமிழரை அடித்த அந்தக் கலவரத்தில், நீ கைக்குழந்தை. கொழும்பில் எங்கள் ஒழுங்கையில் கடைசிவீட்டைக் கொளுத்தினார்கள். அகதிமுகாமில் கிடந்தோம். பிறகு எங்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே காங்கேசன்துறையில் இறக்கிவிட்டார்கள். வழிமுழுக்க நீ வாந்தி எடுத்தாய். சில மாதம் கழித்து அப்பா சாமான் எடுக்கத் திரும்பிப் போனபோது, பக்கத்து வீட்டுச் சிங்களவர், நல்ல மனுஷர், எங்கள் வீட்டைப் பூட்டி அதன் திறப்பை ஒரு வாரம் வைத்துக் காத்தவர், அவரும் இதையேதான் சொன்னாராம்: நீங்களாகத்தானே போனீர்கள், ஒருவரும் போகச் சொல்லவில்லையே என்று. யோர்கோஸும் நல்ல மனுஷர்தான். எங்களுக்குத் தன் கட்டிலைத் தந்துவிட்டு முற்றத்தில் படுத்தவர். அந்த அத்திப்பழத்தை நான் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். யாரும் பார்க்காத இடத்தில் வேலி ஓரமாக வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் டெஸ்பினாவின் மாப்பிள்ளை பெத்ரோஸ் வந்தான். வங்கியில் எழுதுவினைஞன், சிரித்த முகம், அப்பாவுக்கு எழும்பி நின்று கதிரை கொடுத்தான். கூட இரண்டு சிநேகிதர். அவர்கள் புது வீட்டுக்குள் போய் எதையோ வைத்துவிட்டு வந்தார்கள். பிறகு எலேனி யன்னல் சட்டங்களின் வேலைப்பாட்டை எனக்குக் காட்டவென்று அந்த வீட்டின் பின்னறைக் கதவைத் திறந்தாள். சட்டங்கள் சுவரோடு சாத்தியிருந்தன. அவற்றின் கீழே நீளமான மரப்பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்றின் மூடி சரியாக மூடப்படவில்லை. உள்ளே துவக்குக் குழல்கள் தெரிந்தன, எண்ணெய் மணம் வந்தது. நான் கண்டதை எலேனியும் கண்டாள். கதவைச் சாத்திவிட்டு, என் தோளில் கைபோட்டு, வாருங்கள் எலுமிச்சைத் தண்ணீர் குடிப்போம் என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் யோர்கோஸும் பெத்ரோஸும் கிரேக்கத்தில் ஏதோ வாதாடினார்கள். குரல் உயரவில்லை, ஆனால் யாரும் சாப்பிடவில்லை. பிறகு யோர்கோஸ் எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: பொடியள் தீவைக் கிரேக்க நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று தங்கள் ஜனாதிபதியையே வேண்டாம் என்கிறார்கள், இளரத்தம், கலியாணம் முடிந்தால் அடங்கிவிடும். பெத்ரோஸ் சிரித்துக்கொண்டு அப்பாவின் கிளாஸை நிரப்பினான். டெஸ்பினா தகப்பனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பழம் வெட்டத் தொடங்கினாள். அறைக்குப் போனதும் நான் பெட்டிகளைப் பற்றி அப்பாவுக்குச் சொன்னேன். அவர், "நாங்கள் பாக்க வந்தது இடங்களை. மற்றது எங்கடை விஷயமில்லை," என்றார். வெள்ளிக்கிழமை சொன்னபடி விமானம் ஏறினோம். வழியனுப்ப வந்த டெஸ்பினா, உங்கள் மகளைக் கலியாணத்துக்கு அனுப்புங்கள், என் பக்கத்தில் தோழியாக நிற்கட்டும் என்றாள். அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த விமான நிலையத்தில் இன்று புல்லு முளைத்திருக்கிறதாம். எங்களுக்குப் பிறகு சில நாட்களுக்குத்தான் அதில் விமானம் இறங்கியது.

நாங்கள் இங்கே வந்து பெட்டியைக்கூடச் சரியாக அவிழ்க்கவில்லை. பின்னறையில் பெட்டி வைத்தவர்களின் ஆட்கள் தங்கள் ஜனாதிபதியைத் துரத்தினார்கள். அதைச் சாட்டாக வைத்து, அங்கே இருக்கிற துருக்கியரைக் காக்கவென்று சொல்லி, அந்த வாரமே, துருக்கியின் படை கப்பலில் வந்து இறங்கியது. எங்கே இறங்கியது என்று ரேடியோவில் சொன்னபோது அப்பா உலகப்படத்தை எடுக்கவில்லை, எடுக்கத் தேவையில்லை. யோர்கோஸின் தோட்டம் முடிகிற அதே கடற்கரை ஓரம்தான். நான் அந்திரேயாஸின் கடைக்கு ஓடினேன். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் ஒன்றும் பொரிக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றார். நீ அன்று பள்ளியால் வந்து, ஏன் அம்மா கண் சிவந்திருக்கு என்று கேட்டாய். தடிமன், மூக்கு அடைக்குது என்றேன்.

பல வாரம் கழித்துத் தீவின் தெற்கில் இருந்து செய்தி வந்தது. பெத்ரோஸ் படை இறங்கிய முதல் நாளே செத்துவிட்டான். எலேனியும் டெஸ்பினாவும் உடுத்த உடையோடு மலையைக் கடந்து தப்பி, ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். யோர்கோஸ் ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியவர். அவரைச் சிப்பாய்கள் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குமேல் இன்றுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஆள் இல்லை. அவருக்குத் திவசம் செய்வதா வேண்டாமா என்றுகூட எலேனிக்குத் தெரியாது.

அந்திரேயாஸின் கடையில் இப்போது சிப்ஸ் சுற்றித் தருகிற, அதிகம் பேசாத அந்தப் பெண்ணை உனக்குத் தெரியும். ரீனா என்று கூப்பிடுகிறாய். அவள்தான் டெஸ்பினா. இங்கே வந்து மூன்று வருடமாகிறது. போன கிழமை, உனக்குக் கலியாணம் என்று அவளிடம் சொல்லப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் சந்தோஷப்பட்டாள், எந்த ஊரில் என்று கேட்டாள். சொன்னேன். வீடு வாங்கிய கதையையும் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டாள். நானாக ஒருநாளும் கேட்காததை அன்று கேட்டேன்: இப்படி நடக்கும் என்று உங்களுக்கெல்லாம் முன்பே தெரியாதா, பிள்ளை?

"எல்லாருக்கும் தெரியும், அன்ரி," என்றாள். உன் சிநேகிதிகள் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுகிறாள். "அப்பாவுக்குத் தெரியும். அம்மா ஒவ்வொரு நாளும் போவம் போவம் எண்டு அழுதவ. சித்தப்பா இஞ்ச வரச்சொல்லிக் கேட்டவர். ஆனா மாபிள் வந்திட்டுது. அதைப் பதிச்சுப்போட்டு யோசிப்பம் எண்டார் அப்பா."

இவ்வளவுதான் சொன்னாள். ஒரு ஆள் சாப்பாடு வாங்க உள்ளே வந்தார், அவள் திரும்பிவிட்டாள்.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். அது வேறு நாடு, அங்கே வேறு கதை என்பாய். ரவியும் அப்படித்தான் சொன்னான். எழுபத்தேழு ஆவணியில் தேர்தல் முடிந்த கையோடு தமிழருக்கு அடி தொடங்கியபோது, அவன் மேலதிகாரியின் வீட்டுக் கராஜுக்குள் ஒளிந்திருந்தான் அல்லவா? அதைப் பற்றி நான் கேட்டபோது சிரித்துக்கொண்டு, "இப்ப எல்லாம் அடங்கீட்டுது, அன்ரி. எங்கடை றோட்டிலை எல்லாரும் நல்ல ஆக்கள்," என்றான். நல்ல ஆட்கள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கண்ட எல்லாருமே நல்ல ஆட்கள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீ போவாய். உன் வயதில் நானும் போயிருப்பேன். ரவியோடு சந்தோஷமாக இரு. ஆனால் சிலவற்றை எனக்காகச் செய். உன்னுடைய ஆஸ்திரேலியப் பாஸ்போட்டைக் கைவிடாதே, காலாவதியாக விடாதே, பிள்ளை பிறந்தால் உடனே அதையும் பதிந்துகொள். சிங்களத்தை நன்றாகப் பழகு, பேருக்கு இரண்டு வார்த்தையல்ல. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்காதே. எல்லாவற்றையும்விட இது: உன் வயிற்றுக்குள் ஏதோ சொல்லும், உனக்கு முதலில் சொல்லும், ரவிக்குப் பிறகுதான் சொல்லும். அப்போது அவன் அடங்கிவிடும் என்பான், மாமனார் பார்ப்பம் என்பார், உன் அப்பா இங்கிருந்து அவசரப்படாதே என்பார். ஒருவரையும் கேளாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு. அந்த வீடு என்ன ஆனாலும் ஆகட்டும். ஏன் வந்தாய் என்று இந்த வாசலில் யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள், அப்பா உட்பட. அவரிடம் இதற்கு நான் சத்தியம் வாங்கிவிட்டேன்.

இந்த ஊரில் எங்களுக்கு இன்னும் ஒரு கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒரு வீட்டில் படம் வைத்துக் கும்பிடுகிறோம். இந்தச் சில மாதமாக நான் அங்கே கேட்பது ஒன்றே ஒன்று. உனக்கு ஐம்பது வயதாகி, கொழும்பில் உன் வீட்டு மேல்மாடியில் பேரப்பிள்ளைகளோடு இருந்து, இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்து, அம்மாவுக்கு விசர் என்று சொல்லிச் சிரிக்கவேண்டும். நான் பிழை என்று ஊரெல்லாம் சொல்லவேண்டும். என் வாழ்நாளில் வேறெதற்கும் நான் இப்படி மன்றாடியதில்லை. அந்த நாள் வரும்வரைக்கும் இதைக் கிழித்துவிடாதே.

அம்மா